இரண்டாவது சாம்பிள்

தண்ணீர் ஊற்றிய ரப்பர் கையுறையை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் என் வேலை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முதல் வாரம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கையுறைக்குள் ஊற்றி, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி கொக்கியில் மாட்டிவிட்டால், அது பசு மடி போல உப்பித் தொங்கும். எங்காவது ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்தால் ஓட்டை என்று அர்த்தம். ஒரு ஷிப்டில் ஒரு லைனில் தயாராகும் கையுறை மொத்தமும் ஒரு லாட். அதிலிருந்து கூடை கூடையாகக் கை விட்டு எடுக்கும் கொஞ்சம்தான் சாம்பிள். சாம்பிளில் பத்து ஓட்டை வரைக்கும் மன்னிப்பு உண்டு. பதினொன்றாவது சொட்டு விழுந்தால் லாட் முழுவதும் நிற்கும். விழாவிட்டால் தாளில் நான் சாப்பு குத்துவேன். முத்திரையை எங்கள் பக்கம் சாப்பு என்றுதான் சொல்வோம். அந்தச் சாப்பு விழுந்தால்தான் பெட்டி கட்டுவார்கள்.

நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. பயந்தவர்களுக்கே உரிய முன்கோபமும் எனக்கு உண்டு. இந்த வேலை இரண்டையும் வளர்த்துவிட்டது. வீட்டில் குழாயடியில் சொட்டுச் சத்தம் கேட்டால் தூக்கம் கலையும். தங்கையின் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பேன். “இவளக் கட்டிக்கப் போறவன நெனச்சா பாவமா இருக்கு, அவனயும் தொங்கவிட்டு ரெண்டு நிமிசம் பார்ப்பா” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. ஏதோ ஒரு புது வியாதி பரவுகிறது என்றார்கள். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் கையுறைக்குத் திடீர்க் கிராக்கி. கோலா சிலாங்கூர் போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில், ஒரு வருடத்துக்குள் எங்கள் தொழிற்சாலை எழும்பி நின்றுவிட்டது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எல்லாம் ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த சமயம். எங்கள் தோட்டத்திலும் அதே கதைதான். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா லயத்து வீட்டைக் காலி செய்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தாள். இருபது வருடத்துக்கும் மேல் உளியால் பட்டை சீவிப் பால்மரம் வெட்டியவள், கையுறை செய்யும் இடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு அதே இடத்தில் கியூசியில் சேர்ந்தேன். அதாவது தரக் கட்டுப்பாடு. அம்மாவுக்கு நீலச் சட்டை, எனக்கு வெள்ளைக் கோட்டு. தங்கை அந்த வருடம்தான் ஐந்தாம் பாரம். அம்மா சம்பளம் வாடகைக்கும் அவளுக்கும், என் சம்பளம் அடுப்புக்கு. இரண்டில் ஒன்று நின்றாலும் நாங்கள் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

அம்மாவுக்கு என் சாப்பு பெரிய விஷயம். தோட்டத்தில் ‘பார்க்கிறவன்’ என்றால் மண்டோர். அவர் மரம் மரமாக வந்து பட்டையைத் தடவிப் பார்ப்பார். உளி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டிருந்தால் பேரெழுதிக்கொள்வார். பேர் எழுதியாகிவிட்டால் மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லார் முன்னாலும் வசவு. மூன்று முறை எழுதினால் வேலை போகும். இருபது வருடத்தில் தன் பேரை ஒருமுறைகூட எழுதியதில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அப்பேர்ப்பட்டவளின் மகள் இப்போது பார்க்கிற பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறாள். பஸ்ஸில் மற்றப் பெண்களிடம், “லாட்டு பாஸாவறதும் ஃபெயிலாவறதும் எம்மவ கையிலதான்” என்று சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். பெருமையாகவும் இருக்கும், மறைப்பானேன்.

அந்த வருடம் கோலாலம்பூரிலிருந்து புதிதாக ஒரு சீனப் பெண் வந்து சேர்ந்தாள். என்னைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருந்தால் அதிகம். அவள் மேசையில் கியூஏ என்று பலகை வைத்திருந்தார்கள். தர உறுதி. கியூசி இருக்கும்போது கியூஏ எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. நாங்கள் நின்று நின்று கால் வீங்கப் பார்க்கிறோம், இந்த மிஸ் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு உலா வருகிறாள் என்று எனக்கு எரிச்சல். அவள் கையுறையையே பார்க்கமாட்டாள். தரையைப் பார்ப்பாள், வாளியைப் பார்ப்பாள், துடைக்கிற துணியை முகர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, இது எப்படி, அது எப்படி என்று மலாயில் கேட்பாள். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் ‘எப்படி நடந்தது’ என்று கேட்டால், ‘எவள் செய்தாள்’ என்று கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார்கள் என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய பாடம். எனக்கும் அந்தப் பாடம்தான்.

ஆயுத பூசையை அந்த வருடம் சனிக்கிழமை மத்தியானம் வைத்துக்கொண்டார்கள். அரைநாள் லைனை நிறுத்திச் சுத்தம் செய்துவிட்டுப் பூசை. மேனேஜர் சீனர். அவர்கூடக் கை கூப்பி நின்று கொண்டைக்கடலைச் சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மோட்டார்ப் பெட்டிக்கும் சுவிட்சுப் பலகைக்கும் சந்தனம், குங்குமம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பாலில் முக்குகிற பீங்கான் கைகள் பக்கம் எதுவும் போகக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னார். சங்கிலியில் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பீங்கான் கைகள்தான் அங்கே எல்லாமே. அவை ரப்பர் பாலில் முங்கி, அடுப்புக்குள் போய்க் காய்ந்து வந்தால்தான் கையுறை. அவை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை, இரவு ஷிப்டில் வந்த முதல் லாட்டிலேயே தொல்லை ஆரம்பித்தது. பசியாறிவிட்டு வந்து மாட்டிய கையுறைகளில் ஒன்று, இரண்டு, ஐந்து என்று சொட்டுப் போட்டது. பதினொன்றும் வந்தது. அதற்கு மேலும் இரண்டு வந்தது. தாளில் எழுதிவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவரும் தோட்டத்துக்காரர்தான். சிரித்த முகம், ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். தாளைப் பார்த்ததும் சிரிப்புக் குறைந்தது.

“தங்கச்சி, கூடைய மாத்தி எடுத்துப் பாரு. ஓரத்துக் கூடையில எடுத்திருப்ப.”

“எல்லாக் கூடையிலயும்தான் எடுத்தேன் அண்ணே.”

“இருக்கட்டும்லா, இன்னொரு தடவ எடு. கண்டேனர் லாரி நாளைக்குக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போவணும். இந்த லாட்டு நின்னா மேனேஜர் என் தோல உரிச்சிருவாரு. எல்லாரும் செய்யறதுதானே, நீ மட்டும் என்ன புதுசா?”

எல்லாரும் செய்வதுதான், அது உண்மை. லாட் நின்றால் இன்னொரு சாம்பிள் எடுப்பது அங்கே ரகசியமே இல்லை. இரண்டாவதும் நின்றால் மூன்றாவது எடுத்தவர்களும் உண்டு. அவரே மூன்று கூடைகளை இழுத்து என் முன்னால் வைத்தார். அவற்றிலிருந்து எடுத்தேன். ஏழு ஓட்டை. சாப்பு குத்தினேன். முதல் தாளை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். போட்ட பிறகு அந்தக் குப்பைத் தொட்டியை எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்பது எனக்கே தெரியாது.

அந்த லாட் அன்று சாயங்காலமே பெட்டிக்குள் போய்விட்டது. செவ்வாய்க்கிழமையும் அதே தொல்லை. ஒரு லாட் பாஸ், ஒரு லாட் ஃபெயில். பக்கத்து மேசைப் பெண்ணுக்கும் அப்படியே. இந்த முறை கியூஏ மிஸ் வந்து, நின்ற லாட்டுகளை எல்லாம் தனியாக அடுக்கி மஞ்சள் தாள் ஒட்டிவிட்டாள். இரண்டாவது சாம்பிள் எடுக்க வழியே இல்லாமல் போயிற்று. நான் சும்மா இருக்க முடியாமல், ஓட்டை விழுந்த கையுறைகளில் சொட்டு வந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வரிசையாகப் பரப்பினேன். விரல் நுனியில் ஒன்றுமில்லை. வட்டம் எல்லாம் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் அடியில். தற்செயலாக விழுகிற ஓட்டை எல்லாக் கையிலும் ஒரே இடத்தில் விழாது. மேலே எங்கிருந்தோ ஏதோ ஒன்று வழிகிறது.

அன்று சாயங்காலம் அம்மா பின்கட்டில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லாட் நிற்பதைப் பற்றிச் சொன்னேன். அம்மா கத்தியை நிறுத்தவே இல்லை.

“இன்னமுமா கெட்டுப்போவுது? அதுங்களுக்குத்தான் நல்லா எண்ணெ போட்டனே.”

“எதுக்கும்மா எண்ணெ போட்ட?”

“அந்தப் பீங்கான் கையெல்லாம் மேல ஒரு இரும்புக் கழுத்துல மாட்டியிருக்குல்ல, அது வறண்டு துரு புடிச்சி கீச்சுக்கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடக்கு புள்ள. பூச அன்னிக்கி லைன நிப்பாட்டுனாங்கல்ல, உளிக்குப் போடற மாதிரி கழுத்துல தேங்காண்ணெ விட்டு, தொடச்சி, சின்னதா ஒரு பொட்டு வச்சேன். கைய நான் தொடவே இல்ல. கழுத்துக்கு மட்டும்தான்.”

“எத்தன கழுத்துக்கு?”

“நம்ம பக்கம் நின்ன ஒரு அம்பதுக்கு. அடுத்தவளுங்க பக்கம் நான் ஏன் போறேன்? அவளுங்க வேணும்னா போட்டுக்கட்டும்.”

தோட்டத்தில் ஆயுத பூசைக்கு முதல் நாள் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. உளியைத் தீட்டி, கழுவி, துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி, பொட்டு வைப்பார்கள். எண்ணெய் போடாமல் வைத்த பொட்டை அம்மா பொட்டாகவே மதிக்கமாட்டாள். சூப்பர்வைசர் கைகளைத் தொடக் கூடாது என்றார், அவள் தொடவில்லை. ஆனால் அந்தக் கழுத்து அடுப்புக்குள் போகிறது. சூட்டில் எண்ணெய் இளகிப் பீங்கான் மணிக்கட்டில் இறங்கி, பெருவிரல் அடிவரைக்கும் வழிகிறது. எண்ணெய் பட்ட இடத்தில் ரப்பர் பால் ஒட்டாது. அங்கே ஓட்டை. கழுவினாலும் அடுத்த சுற்றில் மறுபடி வழியும். ஆயிரக்கணக்கான கைகளுக்கு நடுவில் ஐம்பது. அதனால்தான் ஒரு கூடையில் இருக்கிறது, ஒரு கூடையில் இல்லை. சாம்பிளில் சிக்கினால் ஃபெயில், சிக்காவிட்டால் என் சாப்பு.

அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன மாதம்தான் லைன் பக்கத்தில் முறுக்குத் தின்றாள் என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முறுக்குக்கே அப்படி என்றால் எண்ணெய்க்கு? “யாருகிட்டயும் இத சொல்லாதம்மா. பூச சாமானெல்லாம் அங்க பட்டா பெரியவங்களுக்குப் புடிக்காது. நாளைக்கு யாரும் பாக்காதப்ப துணிய வச்சித் தொடச்சிரு” என்று மட்டும் சொன்னேன்.

“சாமி காரியத்துக்கு ஏன் கோவிச்சுக்கப் போறாங்க?” என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, தொடச்சிடறேன்” என்றாள்.

துடைக்க முடியவில்லை. லைன் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலி கொஞ்சம் தாழ்ந்து வரும் இடத்தில் நின்று ஏழெட்டுக் கழுத்துக்களைத் துணியால் எட்டித் தொட்டாளாம், அவ்வளவுதான். அன்று புதன்கிழமை. ஒவ்வொரு சொட்டையும் பார்க்கும்போது, இது அம்மாவின் ஐம்பதில் எத்தனையாவது என்று தோன்றும். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ரத்தத்தைத் துடைக்கிறாள், அவள் பெருவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது. இந்தக் காட்சி கண்ணை மூடினால் வரும், திறந்திருந்தாலும் வரும். மிஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அலுவலகப் படிவரைக்கும் போனேன். இரண்டு தடவையும் தங்கையின் பரீட்சை ஞாபகத்துக்கு வந்தது. கழிவறைக்குப் போகிறவள் மாதிரித் திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை மிஸ் ஒரு காரியம் செய்தாள். சங்கிலி ஒரு முழுச் சுற்று வரும்வரை, கழற்றுகிற கையுறை ஒன்றைக்கூடக் கூடையில் போடாமல், வந்த வரிசைப்படியே மேசைமேல் அடுக்கச் சொன்னாள். கிடங்கில் இருந்த மேசை எல்லாம் வந்தது. போதாமல் தரையில் அட்டை விரித்தார்கள். நாங்கள் கியூசி பெண்கள் ஆறு பேர் வரிசையாகத் தண்ணீர் ஊற்றினோம். சாம்பிள் இல்லை, எல்லாவற்றிலும். கை வலி உயிர் போயிற்று. நூற்றுக்கணக்கில் சொட்டு இல்லாமலே வந்தது. பிறகு ஒரு இடத்தில் ஆரம்பித்து மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று ஒழுகியது. அங்கிருந்து ஐம்பதாவது கையுறை வந்ததும் ஒழுகல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மறுபடி சுத்தம்.

மிஸ் அந்த ஐம்பதின் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். “பாலில் கோளாறு இல்லை. இந்தக் கைகளுக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. காலையில் லைனை நிறுத்திப் பார்க்கலாம்” என்றாள். நான் அதுவரை செய்ததெல்லாம் ஒழுகுவதைப் பிடிப்பது. பிடித்து ஓரமாகப் போடுவது. ஒழுக ஆரம்பிக்கும் இடத்துக்குப் போய் நிற்பது வேறு வேலை, அதைத்தான் இவள் செய்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அந்த இடத்தில் என் அம்மா அல்லவா நிற்கிறாள்.

போகும்போது மிஸ் திரும்பினாள். “திங்கட்கிழமை இந்த லைனில் நீ பார்த்த லாட் பாஸாகியிருக்கிறது. ஏழு ஓட்டை என்று எழுதியிருக்கிறாய். காலையில் அந்தத் தாள்களோடு அலுவலகத்துக்கு வா.” ஆங்கிலத்தில் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பக்கத்து மேசைப் பெண்ணின் வாய் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் ஒருத்தி அம்மாவிடம், “ஒம்மவ சாப்பு குத்துன லாட்டாம்ல? ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்களாமே. வேல போயிடும்னு பேசிக்கறாங்க” என்றாள். அம்மா என் பக்கம் திரும்பி என்னவென்று கேட்டாள். நான்கு நாளாக அடக்கிவைத்தது எல்லாம் கோபமாக வந்துவிட்டது.

“எல்லாம் ஒன் எண்ணெயாலதான். கழுத்துல விட்டது கைக்கு வழிஞ்சி அத்தனையும் ஓட்ட. போதுமா?”

மெதுவாகத்தான் சொன்னேன், வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நிமிடமே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு தாள்களைத் தேடி எடுத்து அலுவலகத்துக்குப் போனபோது, வாசலில் அம்மாவின் சிலிப்பர் கிடந்தது. உள்ளே அவள் வெறுங்காலோடு மிஸ் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். தன் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக வந்திருக்கிறாள். நான் இரண்டு தடவை படிக்கட்டுவரை போய்த் திரும்பிய இடத்துக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு வந்துவிட்டாள்.

“வா வா. எனக்கு மலாய்ல சரியா சொல்ல வராது, தப்பா ஏதாச்சும் ஆயிடும். நான் சொல்றத நீ இங்கிலீசுல அப்படியே சொல்லு” என்றாள்.

அம்மா சொல்லச் சொல்ல நான் சொன்னேன். பூசைக்கு எண்ணெய் போட்டது. கழுத்து கீச்சிட்டது. உளிக்குப் போடுகிற பழக்கம். ஐம்பது கழுத்து. மிஸ் போத்தலை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தாள். எவ்வளவு ஊற்றினாய், எந்தத் துணியால் துடைத்தாய், கழுத்துக்கு என்ன போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யாரும் சொன்னதில்லை. எழுதி ஒட்டியிருக்கிறதா? இல்லை. கீச்சிடுகிறது என்று யாரிடமாவது சொன்னாயா? சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொன்னேன், பார்க்கலாம் என்றார். மிஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இப்போது பேரைக் கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நான் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவே இல்லை. பேர் எழுதாமல் ஒருவர் இவ்வளவு எழுதுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு அடி முன்னால் வந்தாள்.

“இன்னொண்ணும் சொல்லு. எம்மவ மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லு. அவ சரியா பாக்காம சாப்பு குத்தற புள்ள இல்ல. வூட்டுல தண்ணிப் போத்தலையே நாலு தடவ பாக்கறவ. அவ நல்லாருக்குன்னு குத்தியிருந்தா அன்னிக்கி அது நல்லாத்தான் இருந்திருக்கும். தப்பு மொத்தமும் என்னுதுதான். இத அப்படியே சொல்லு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். மிஸ்ஸும் என்னைப் பார்த்தாள். “என்ன சொல்கிறார்?” என்றாள்.

அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். தாளில் ஏழு ஓட்டை என்றுதான் இருந்தது, கிழித்த தாள் எப்போதோ எரிந்து சாம்பலாகியிருக்கும். அப்படிச் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். கிள்ளானுக்குப் போன பெட்டிகளும் கப்பலேறியிருக்கும்.

“திங்கட்கிழமை லாட் முதல் தடவை ஃபெயிலானது” என்றேன். “பதின்மூன்று ஓட்டை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வேறு கூடையில் இரண்டாவது சாம்பிள் எடுத்துச் சாப்பு குத்தினேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ரொம்ப நாளாகச் செய்கிறோம்.”

பக்கத்தில் அம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் ‘ஆமாம், ஆமாம்’ என்பதுபோல் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தன் மகளைப் பற்றித் தான் சொன்ன நல்ல வார்த்தைகள்தான் ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள். மிஸ், எல்லாரும் செய்கிறோம் என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டு, தொலைபேசியை எடுத்துக் கிள்ளான் துறைமுகத்துக்குப் பேச இணைப்புக் கேட்டாள்.

கண்டேனரைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே திருப்பிவிட்டார்கள். அம்மாவின் வேலை போகவில்லை. கழுத்துக்குப் போடவென்று வெள்ளை கிரீஸ் ஒரு டின் வந்தது. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி லைன் பக்கத்தில் ஒட்டினார்கள். தமிழை எழுதிக் கொடுத்தது நான்தான். மிஸ் கையெழுத்து இல்லாமல் இரண்டாவது சாம்பிள் யாரும் எடுக்கக் கூடாது என்று எங்கள் அறையிலும் ஒன்று ஒட்டினார்கள். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, சாப்பை வாங்கிக்கொண்டு, பெட்டி கட்டுகிற பக்கம் அனுப்பிவிட்டார்கள். நீலச் சட்டை. வேலை மிஞ்சியதே பெரிய காரியம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான்.

கடிதம் கொடுத்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் நீலச் சட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அன்னிக்கி நான் சொன்னத அந்த மிஸ்கிட்ட அப்படியே சொன்னியா? ஒம்மேல தப்பில்லன்னு?”

“சொன்னேம்மா.”

“அப்படிச் சொல்லியுமா இப்படிப் பண்ணிட்டாங்க?” அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸில் எல்லாரும் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. “எல்லாம் என்னாலதான். நான் செஞ்சதுக்கு நீ சொமக்கற. வெள்ளக் கோட்டு போட்டு ஒன்னப் பாக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. என்ன மன்னிச்சிரு சாமி.”

எங்கள் வீட்டில் ஒருவர் ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இல்லை அம்மா, உன் எண்ணெய்க்காக இல்லை, நான் ஏமாற்றினேன், அதற்காக என்று நான்கு வார்த்தை. ஆங்கிலத்தில் சொல்ல முடிந்ததைத் தமிழில் சொல்ல முடியவில்லை. என் சாப்பின் மேல் அவள் வைத்திருந்த அந்த நம்பிக்கை போய்விடுமோ என்று வேலை போவதைவிட அதிகமாகப் பயந்தேன்.

“விடும்மா, பரவால்ல” என்றேன்.

நான் அவளை மன்னித்துவிட்டதாக அம்மா எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள், அவளிடம் நான் சொல்லவே இல்லை.